வந்த நிலத்தின் பூ

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போகப் போக வெயில் தணிந்து, காப்பியும் மிளகும் ஏலமும் தொடங்குகின்றன. மிளகும் ஏலமும் மேற்குமலையிலேயே பிறந்தவை. காப்பி, அரபு நாட்டு வழியாக வந்த ஆப்பிரிக்கச் செடி. மிளகுக்கொடி பற்றி ஏறும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். அடிவாரத்தில் பஞ்சு தரும் இலவமும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. சங்கப் பாட்டில் சிவக்கப் பூக்கும் இலவம் வேறு மரம். அதன் பெயரை இது எடுத்துக்கொண்டது.

தமிழ் மரபு நிலத்தையும் மரத்தையும் தெய்வத்தையும் ஒரே முடிச்சில் கட்டியது. குறிஞ்சி என்றால் சேயோன், வேங்கை, காந்தள். அப்படியானால் கடல் கடந்து வந்த செடிக்கு மலைத் தெய்வத்திடம் உரிமை உண்டா? முடிச்சைப் போட்ட தொல்காப்பியமே அதைத் தளர்த்தியும் வைத்திருக்கிறது: ஒரு நிலத்தின் பூவோ பறவையோ வேறு நிலத்தில் வந்தால், அது வந்த நிலத்துக்கு உரியதாகவே கொள்ளப்படும். செய்யுளுக்குச் சொன்ன விதிதான். ஆனால் கோயில்களில் நடந்திருப்பதும் இதுவே.

சிவன் கோயில்களில் நிற்கும் நாகலிங்க மரத்தின் தாயகம் தென்னமெரிக்கா. கிளைநுனியை விட்டு அடிமரத்திலேயே பூக்கிறது. இதழ்களின் நடுவே சிறு குமிழ். அதன்மேல் மகரந்தத் தாள்கள் படம் எடுத்த பாம்பாகக் கவிந்திருக்கும். பார்த்தவர் கைகூப்பினார், பெயரும் வைத்தார். பெயரும் உருவமும் மாயை என்னும் வேதாந்திக்கு இது சற்றுச் சங்கடம்: இந்தப் பூவைச் சந்நிதிக்குள் சேர்த்தவை அவை இரண்டுமே. திருஷ்டிக்கு எலுமிச்சையோடு கோக்கும் மிளகாயும் போர்த்துக்கீசியர் வந்த பிறகே இங்கு வந்தது. மிளகிடம் பெயரைக் கடன் வாங்கி வீட்டு வாசலில் காவல் நிற்கிறது.

எல்லா வரவும் இப்படி இல்லை. தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி காட்டுக்குள் புதராக மண்டி, பிற செடிகளை முளைக்க விடாமல் நெருக்குகிறது. ஆகவே பிறந்த ஊரைக் கேட்பது தவறான கேள்வி. பக்கத்துச் செடியை வாழவிடுகிறதா என்பதே சரியான கேள்வி.

ஏலமும் பயணம் போயிருக்கிறது. நிழலில், தூரடியில் தரையோடு சரம் விட்டுப் பூக்கும் இந்தச் செடி பழனிப் பஞ்சாமிர்தத்தில் மணக்கிறது. அரபு வீடுகளின் காப்பியிலும் மணக்கிறது. உலகில் ஏலக்காயை மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடு இன்று மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா. அங்கே அது வந்த செடி.