யார் பார்த்தது?

கறுப்புப் பட்டைக்கு இன்னும் ஒன்றரை நூற்றாண்டு நிறையவில்லை. மலைமேல் மடாலயம், வெண்தாடி குரு, தலைமுறை தலைமுறையாக வந்த பட்டை என்றெல்லாம் திரைப்படங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. கானோ ஜிகோரோ 1882-இல் தோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில், பன்னிரண்டு பாய் விரித்த இடத்தில் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கியபோது யார் இடுப்பிலும் கறுப்பு இல்லை. மறு ஆண்டு சைகோ ஷிரோ, தொமிதா ட்சுனெஜிரோ என்ற இரண்டு மாணவர்களுக்கு டான் என்ற தரவரிசையின் முதல் படியைக் கொடுத்தார். அப்போதும் இல்லை. அதற்கும் சில ஆண்டுகள் கழித்துத்தான் டான் பெற்றவர்கள் கறுப்பு கட்டிக்கொண்டார்கள்.

வெள்ளைப் பட்டையைத் துவைக்காமல் கட்டிக் கட்டி, வியர்வையும் அழுக்கும் ஏறிக் கறுத்துப்போனதுதான் கறுப்புப் பட்டை என்று பயிற்சிக்கூடங்களில் ஒரு கதை சொல்வார்கள். வரலாறு அதற்கு இடம் தரவில்லை. ஆனாலும் அந்தக் கதை ஏன் சாகாமல் இருக்கிறது என்பது புரிகிறது. ஒருவர் கொடுத்து வாங்காமல், உழைப்பு தானாகவே நிறமாகிவிட வேண்டும் என்ற ஆசை அது.

*

டான் என்ற படிநிலையே சண்டைக்காரர்களுடையது இல்லை. ‘கோ’ ஆட்டக்காரர்களுடையது. 17-ஆம் நூற்றாண்டில் ஹொனின்போ தோசாக்கு அதை ஒழுங்குபடுத்தி வைத்தார். அசையாமல் உட்கார்ந்து காய் வைக்கிறவர்களின் தரவரிசையை, ஆளைத் தூக்கிப் போடுகிறவர்களுக்காக எடுத்துக்கொண்டார் கானோ.

அதற்கு முன் ஜுஜுட்சுப் பள்ளிகளில் கிடைத்தது சான்றுச் சுருள். ஆண்டுக்கணக்காகப் பயின்றபின் ஒன்று. இன்னும் பல ஆண்டுகள் போனபின் அடுத்தது. நடுவில் மாணவனுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. கானோ தொழிலால் கல்வியாளர். ஆசிரியர்களை உருவாக்கும் உயர்பள்ளியின் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தவர். நெடும்பாதையில் அங்கங்கே ஒரு மைல்கல் இல்லாவிட்டால் பிள்ளைகள் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஃபுனாகோஷி கிச்சின் 1924-இல் இதே முறையைக் கராத்தேவுக்குக் கொண்டுவந்தார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் எல்லாம் ஐரோப்பாவில் பெருகியவை. 1930-களில் பாரிஸில் ஜூடோ கற்பித்த கவைஷியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. சென்னையில் ஒரு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் இடுப்பில் இத்தனை ஊர்களும் இருக்கின்றன.

*

பெல்ட் டெஸ்ட் நாளில் பெற்றோர்கள் ஓரமாக நின்று பேசிக்கொள்வார்கள். பணம் கட்டினால் பெல்ட், அவ்வளவுதான் என்பார் ஒருவர். சிரிப்பார்கள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கடைசியில் மாஸ்டர் ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் குனிந்து, பழையதை அவிழ்த்துப் புதியதைத் தன் கையால் முடிச்சிடுகிறார். ‘உன் இடது கால் இன்னும் பின்னால இழுக்குது’ என்று ஒரு பையனிடம் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார். அவனுடைய இடது கால் என்ன செய்கிறது என்று அதற்கு முந்தைய ஆறு மாதமும் ஒருவர் கவனித்திருக்கிறார். கட்டணத்துக்குள் அடங்காத ஏதோ ஒன்று அந்த அரை நிமிடத்தில் கைமாறுகிறது.

*

இணையத்தில் நமக்குப் பதக்கம் தருவது கணக்கு. நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று உலோகங்கள். 100 நாள் விடாமல் உள்ளே வந்து போனால் ஒரு தங்கம். அந்த 100 நாளில் என்ன செய்தீர்கள் என்று அது கேட்பதில்லை. வந்தீர்களா, வந்தீர்கள்.

ஏளனமாகச் சொல்லவில்லை. இரவு பதினொன்றே முக்காலுக்கு, அன்றைய மொழிப்பாடத்தை முடிக்காததால் தொடர்கணக்கு அறுந்துவிடுமே என்று போர்வைக்குள் போனை எடுத்தவர்களுக்கு அதன் பிடி தெரியும். நானும் அந்தக் கூட்டம்தான்.

நிரலாளர்கள் நிரலைப் பகிரும் கிட்ஹப் தளம் 2016-இல் ஒரு காரியம் செய்தது. இத்தனை நாள் விடாமல் நிரல் எழுதினார் என்று ஒவ்வொருவர் பக்கத்திலும் காட்டிவந்த எண்ணைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. பின்னால் ஆய்வாளர்கள் பார்த்தபோது, நெடுந்தொடர்கள் அறுந்திருந்தன. வார இறுதி வேலை குறைந்திருந்தது. எண் இருந்தவரை அந்தச் சனி ஞாயிறுகள் யாருக்காகப் போயின என்று எனக்கு ஒரு கேள்வி. நிரலுக்காகவா, எண்ணுக்காகவா என்று அவர்களிடமே கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது என்றே படுகிறது.

*

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தால், கண்ணால் பார்த்துக் கொடுப்பது உயர்ந்தது, எண்ணிக் கொடுப்பது தாழ்ந்தது என்று ஆகிவிட்டது. கெய்கோ ஃபுகுதாவை நினைத்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது.

1913-இல் பிறந்தவர். கானோவுக்கு ஜுஜுட்சு கற்றுத்தந்த முதல் ஆசிரியரின் பேத்தி. அந்த உறவின் நன்றியில் கானோவே அழைக்க, 1935-இல் கோடோகானின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். ஐந்தடிக்கும் குறைவான உயரம். மணம் செய்துகொண்டால் ஜூடோவை விட வேண்டும் என்ற நிலை வந்தபோது மணத்தை விட்டார். 1953-இல் ஐந்தாம் டான். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் செய்துகாட்டியவர்களில் ஒருவர். பிறகு அமெரிக்கா போய் சான் ஃபிரான்சிஸ்கோவில் கற்பித்தார்.

அப்போது ஐந்தாம் டானுக்கு மேல் பெண்களுக்குக் கிடையாது. அவரோடு பயின்ற ஆண்கள் ஆறு, ஏழு, எட்டு என்று மேலே போய்க்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்க்காதவர்கள் யாரும் தடுக்கவில்லை. அவருடைய ஒவ்வொரு அசைவையும் அறிந்த நிறுவனம்தான் தடுத்தது. ஜப்பானில் பெண்களின் கறுப்புப் பட்டையில் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடும் நெடுங்காலம் இருந்தது, தூரத்திலிருந்தே தெரிவதற்கு. 1972-இல்தான், பலர் கடிதம் எழுதிக் குரல் கொடுத்தபின், ஆறாம் டான் வந்தது.

நியூயார்க்கில் 1959-இல் இன்னொன்று நடந்தது. ரஸ்டி கனோகோகி என்ற பெண் முடியைக் கத்தரித்துக்கொண்டு, காயம்பட்ட ஓர் ஆணுக்குப் பதிலாக ஒய்.எம்.சி.ஏ. ஜூடோ போட்டியில் இறங்கி வென்றார். நீ பெண்ணா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். பதக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அது திரும்பி அவர் கைக்கு வர 2009 ஆயிற்று; அந்த ஆண்டிலேயே இறந்தார்.

100 நாளை எண்ணுகிற எந்திரம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது. அதற்குப் பெண்ணும் ஆணும் தெரியாது; யார் பேத்தி என்பதும் தெரியாது. குருட்டுத்தனத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஃபுகுதாவுக்கு அந்த நியாயமாவது கிடைத்திருந்தால் 1960-களிலேயே ஆறாம் டான் வாங்கியிருப்பார். ஆனால் அவர் வேண்டியது அதுதானா?

கோடோகான் 2006-இல் அவருக்கு ஒன்பதாம் டான் கொடுத்தது. பத்தாம் டானை 2011-இல் அமெரிக்க ஜூடோ அமைப்புகள் கொடுத்தன. அவருக்கு வயது 98. கோடோகானின் பத்தாம் டான் வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் ஆண்கள்.

*

விக்கிப்பீடியாவில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் செய்த வேலை பிடித்துப்போனால் அவருடைய பேச்சுப் பக்கத்தில் ஒரு நட்சத்திரப் பதக்கத்தை இட்டு, இரண்டு வரி எழுதிவைப்பது. தமிழ் விக்கிப்பீடியாவிலும் பயனர் பக்கங்களில் இத்தகைய பதக்கங்களைப் பார்க்கலாம். எந்திரம் தருவதில்லை, குழு கூடித் தீர்மானிப்பதும் இல்லை. யாரும் யாருக்கும் தரலாம். மொட்டைமாடி முடிச்சுக்கு மிக அருகில் இணையத்தில் இருப்பது இதுதான் என்று நினைத்திருந்தேன்.

2012-இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தபின் அந்த நினைப்பு கொஞ்சம் ஆடிவிட்டது. மிக அதிகமாக உழைத்த 1 விழுக்காட்டினரில், அதுவரை ஒரு பதக்கமும் வாங்காத 200 பேரை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதில் 100 பேருக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பதக்கம் வைத்தார்கள். அடுத்த 90 நாளில் அவர்கள் மற்ற 100 பேரைவிட 60 விழுக்காடு கூடுதலாக உழைத்தார்கள்.

பதக்கம் பெற்றவர் என்ன நினைத்திருப்பார்? யாரோ ஒருவர் இந்தக் கட்டுரைகளையெல்லாம் படித்திருக்கிறார் என்றுதான். இன்னாருக்கு என்று ஒருவரைத் தேர்ந்தது குலுக்கல். கணக்கு, கண்ணின் முகமூடியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. அதுவே போதுமானதாக இருந்தது. ஏமாற்று என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்த 100 பேரும் தகுதியுள்ளவர்கள். மெய்யாகப் பார்த்திருக்க வேண்டிய சக பயனர்கள்தான் பார்க்காமல் கடந்துபோயிருந்தார்கள்.

பதக்கம் கிடைத்தவர்களுக்குப் பிறரிடமிருந்தும் பதக்கங்கள் கூடுதலாக வந்தன என்று அதே ஆய்வு சொல்கிறது. ஏற்கெனவே விளக்கு எரிகிற பக்கம்தான் கண் போகும் போலிருக்கிறது.

என் யோசனையெல்லாம் குலுக்கலில் வராத அந்த 100 பேரைச் சுற்றியே போகிறது. அவர்களும் அதே 1 விழுக்காடுதான். ஒரு சோதனையில் தாங்கள் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. அந்த 90 நாளும் ஊர்ப்பெயர்களையும் ஆண்டுகளையும் சரிபார்த்து, சிலர் இரவில் நேரம் கடந்தும், திருத்திக்கொண்டிருந்திருப்பார்கள்.