இடம் என்பது யார் தரும் கொடை?

கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தை அறியாத தமிழர் இந்நாட்டில் அரியர். துணிக்கடைகளும் நகைக்கடைகளும் பூக்கடைகளும் நெருங்கி நிற்கும் அத்தெருவுக்குப் பெயர் தந்த பள்ளிவாசல், 1863ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம் வணிகர்களால் மரத்தால் எழுப்பப்பெற்றது. தமிழில் சமயவுரை ஒலிக்கும் பள்ளிவாசல் அது. அதற்கு அண்மையிலேயே அம்மன் கோயிலின் மணியோசை தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்துள்ளது. கிள்ளான் ஆற்றைக் கடந்து புக்கிட் நானாஸ் குன்றை நோக்கிச் சிறிது நடந்தால், புனித யோவான் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் கண்ணிற்படும்.

மூன்று வழிபாட்டிடங்கள், மூன்றிலும் தமிழர். ஆயினும் ‘தமிழர்’ என்று சொன்ன அளவில் நம் மனக்கண்முன் முதலில் தோன்றுபவர் கோயிலில் நிற்பவரே. அடுத்துத் தோன்றுபவர் பள்ளிவாசலில் தொழுபவர். செபமாலை ஏந்திய தமிழரோ, நினைவூட்டிய பிறகே நினைவுக்கு வருகிறார். இந்தச் சிறு மறதிக்குள் பெரியதோர் அறக்கேள்வி அடங்கியுள்ளது. ஒரு நாட்டின் வரலாற்றிலும் அரசியலிலும் சிறுபான்மைச் சமயத்தவர்க்குரிய இடம் எதனால் அமைகிறது? அவர்தம் எண்ணிக்கையாலா? அவர் ஆற்றிய தொண்டாலா? அன்றி, குடிமக்கள் என்னும் ஒரே காரணத்தாலா?

வரலாற்றின் நிழல்

எண்ணிக்கையே அளவுகோலானால் விடை எளிது. 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மலேசிய மக்களுள் கிறித்துவர் 9.1 விழுக்காட்டினர். அவருள்ளும் பெரும்பகுதியினர் சபா, சரவாக் மாநிலங்களில் வாழ்கின்றனர். தீபகற்பத்தில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கரோ சிறுபான்மையினுள்ளும் சிறுபான்மையினர். நாட்டில் இனத்தால் சிறியர். இனத்துள் சமயத்தால் சிறியர். அச்சமயத்துள்ளும் மொழியால் சிறியர்.

கத்தோலிக்கர்மீது பல நாடுகளில் எழும் ஐயம் ஒன்றுண்டு. அவர் உள்ளம் உரோமாபுரியில் இருக்க, உடல் மட்டுமே இங்கிருக்கிறது என்பது அந்த ஐயம். அது முற்றும் காரணமின்றிப் பிறந்ததன்று. 1511இல் அல்புகர்க்கு மலாக்காவைக் கைப்பற்றியபோது சிலுவையும் பீரங்கியும் ஒரே கப்பலில் வந்திறங்கின. அடிமைப்பட்ட மக்கள் அவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நேர்மையாகாது.

ஆனால் வரலாறு அங்கேயே நின்றுவிடவில்லை. 1641இல் மலாக்கா ஒல்லாந்தர் கைப்பட்டபின், ஆண்டவரின் சமயமாக இருந்தது அடங்கியவரின் சமயமாயிற்று. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், கோவாவிலிருந்து ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் வந்து மறைவாகத் தொண்டு புரிந்தார் யோசேப் வாஸ் அடிகள். அவரைத் திருச்சபை 2015இல் புனிதராக அறிவித்தது. ஆக, ஒரே சமயம் ஒரு நூற்றாண்டில் வாளேந்தியோர் பக்கத்திலும், மறு நூற்றாண்டில் வாளுக்கு அஞ்சி ஒளிந்தோர் பக்கத்திலும் இருந்திருக்கிறது. அமெரிக்க நாட்டிலும் 1960இல் கென்னடி, தாம் குடியரசுத் தலைவரானால் போப்பாண்டவரின் ஆணைக்கு ஆட்படமாட்டார் என்று பொதுமேடையில் விளக்க வேண்டியிருந்தது.  இறந்துபோன முன்னோரின் குற்றத்தையும் பெருமையையும் இன்று வாழ்வோர் தோளில் ஏற்றி எடைபோடுவது முறையன்று என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.

தொண்டு தரும் இடம்

அடுத்து, தொண்டு. இதில் தமிழ்க் கத்தோலிக்கர் தலைநிமிர்ந்து சொல்லத்தக்க பெயர் ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913இல் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகளார், 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக விளங்கினார். 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்ற அவரே, 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். அதே ஆண்டில், 1679இல் அச்சான அந்தோம் தெ புரோவென்சாவின் தமிழ்–போர்த்துக்கீச அகராதியை மறுபதிப்பாக இந்நகரிலிருந்தே வெளிக்கொணர்ந்தார்.

அத்துறையில் தமிழுக்கு இடம் கிட்டியது எளிதில் நிகழ்ந்ததன்று. 1950களில் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் முழக்கத்தோடு சிங்கப்பூரிலும் மலாயாவிலும் மக்களிடம் பொருள் திரட்டியவர், பகுத்தறிவாளரான கோ. சாரங்கபாணி. கடவுளை மறுத்த இயக்கத்தவர் நிதி திரட்டினார். கடவுளுக்கே தம்மை ஒப்படைத்த துறவி அத்துறைக்குத் தலைமை ஏற்றார். தமிழ் அவ்விருவரையும் ஏற்றது. எவரிடமும் சமயச் சான்றிதழ் கேட்கவில்லை.

எனினும், இங்கு நாம் ஒரு கணம் நிற்றல் வேண்டும். ‘தனிநாயகம் அடிகளைத் தந்தோம், பள்ளிகள் கட்டினோம், ஆகவே எமக்கு இடம் தருக’ என்று வாதிடுவது இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஆபத்தான வாதம். இரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பால்மரம் சீவி, ஞாயிறுதோறும் தகரக் கூரையிட்ட சிற்றாலயத்தில் முழந்தாளிட்ட பெண்மணி எந்த அகராதியையும் பதிப்பிக்கவில்லை. எந்த மாநாட்டையும் கூட்டவில்லை. அவருக்கு இந்நாட்டில் இடம் இல்லையா? தொண்டு, இடத்துக்குக் கொடுக்கும் வாடகையாகிவிட்டால், வாடகை தர இயலாத ஏழை வெளியே நிற்க வேண்டியவனாவான். உரிமை கூலியன்று. பிறப்பாலும் உழைப்பாலும் ஒரு மண்ணோடு ஒன்றியவர்க்கு அம்மண்ணில் உள்ள இடம், எவரும் இட்ட பிச்சையுமன்று.

ஒரு சொல்லின் சோதனை

இக்கருத்தை அண்மைக் கால வழக்கொன்று உரைத்துப் பார்த்தது. கோலாலம்பூர்க் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் ‘ஹெரால்ட்’ இதழ் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவந்தது. அதன் மலாய்ப் பகுதியில் இறைவனைக் குறிக்க ‘அல்லாஹ்’ என்னும் சொல்லை ஆளுவதற்கு உள்துறை அமைச்சு தடை விதித்தது. 2009 டிசம்பர் 31இல் உயர்நீதிமன்றம் திருச்சபைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே சில தேவாலயங்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. அவ்வேளையில் அவற்றைக் காக்க முன்வந்த முஸ்லிம் அமைப்புகளும் உண்டு. 2013 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2014 ஜூன் 23இல் கூட்டரசு நீதிமன்றம், நால்வர்க்கு மூவர் என்னும் பெரும்பான்மையில், மேற்கொண்டு முறையிட அனுமதி மறுத்தது.

பெரும்பான்மையோரின் அச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. தம் வழிபாட்டின் மையச் சொல் பிறர் கையில் வேறு பொருள் பெற்றுவிடுமோ என்னும் கவலை மெய்யானதே. ஆனால் 1629இல் அச்சான மத்தேயு நற்செய்தியின் மலாய் மொழிபெயர்ப்பிலேயே அச்சொல் இடம்பெற்றிருந்தது என்பதும், சபா, சரவாக் கிறித்துவர்க்கு அது வழிவழி வந்த வழிபாட்டுச் சொல் என்பதும் மெய்யே.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு தனிப்பாடம் உண்டு. நம் மொழி இறைப்பெயரை எப்படி வழங்கியது? 1578இல் கொல்லத்தில் அச்சான முதல் தமிழ் நூல்களுள் ஒன்றின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. தம்பிரான் என்பது சைவ மரபில் ஊறிய சொல். இராபர்ட் தெ நொபிலி கையாண்ட ‘சருவேசுரன்’ என்னும் பெயருள் ஈசுவரன் இருக்கிறான். ‘ஆண்டவன்’ என்று முஸ்லிமும் சொல்வர். ‘ஆண்டவர்’ என்று கிறித்துவரும் சொல்வர். இதனால் சைவம் தேய்ந்ததுமில்லை, தமிழ் குழம்பியதுமில்லை. சொல்லைக் கொடுத்த வீடு ஏழையாகவில்லை.

அவ்வழக்கில் நம் சிந்தனைக்குரிய மற்றொரு செய்தியும் உண்டு. வாதியாக நின்றவர், அப்போது பேராயராக இருந்த மர்ஃபி பாக்கியம். இந்திய வம்சாவளியினரான அவர் காக்க முனைந்தது தம் முன்னோர் மொழியின் சொல்லையன்று; கடல்கடந்த மாநிலங்களின் பூர்வ குடியினர் செபிக்கும் சொல்லை. வழக்கில் அவர் தோற்றார். ஆனால் சிறுபான்மையோருள் ஒருவர் தம்மினும் குரல் குன்றியோர்க்காக எழுந்து நிற்பதே இடம் என்பதன் முழுப்பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் கடன்

2025 மார்ச்சில் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்து அம்மன் கோயிலை இடம்மாற்றுவது பற்றிய சர்ச்சை நாடெங்கும் பேசப்பட்டது. அண்மையிலேயே மாற்றிடம் தருவதென முடிவாயிற்று. அந்நாளில் நெஞ்சு பதைத்த நம்முள் எத்தனை பேர், 2010இல் தேவாலயம் எரிந்தபோது அதைத் தம் துயராக எண்ணினோம்? கோயிலுக்கு நேர்ந்தால் குமுறுவதும், ஆலயத்துக்கு நேர்ந்தால் அயலார் செய்தியாகப் படிப்பதும் நீதியாகாது. இவ்வினா கத்தோலிக்கரையும் நோக்கியதே. அம்மன் கோயிலுக்காக அவருள் எத்தனை பேர் குரல் கொடுத்தனர்?

நம் அரசியலமைப்பு, 3ஆம் பிரிவில் இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயமாக ஏற்று, பிற சமயங்கள் அமைதியாகப் பின்பற்றப்படலாம் என்றும் கூறுகிறது. சட்டம் வரையறுக்கும் இடம் அது. சட்டத்தால் தரவியலாத இடமும் ஒன்றுண்டு. அது அயலான் நெஞ்சில் இருக்கிறது. அதைத் திறக்கும் பணி வகுப்பறையில் தொடங்க வேண்டும். தேம்பாவணியைக் கற்பிக்கும் ஆசிரியர் அதனை அயல்நாட்டுப் பாதிரியாரின் அருஞ்செயலாக மட்டும் காட்டாமல், அடுத்த வரிசையில் அமர்ந்திருக்கும் அந்தோணியின் மரபாகவும் காட்டுவாராக. அப்போது அந்தோணி தன் இடத்தைக் கேட்டுப் பெற வேண்டியிராது. அது முன்பே அவனுடையது என்பதை அவனும் அறிவான். அவன் அருகிலிருக்கும் முருகனும் அறிவான்.