தாயின் தர்மமும் ஊரின் தர்மமும்

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையிலும் சுற்றுப்புறத்து ஊர்களிலும், பொழுது புலருமுன்பே தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் ஜீப்புக்குக் காத்து நிற்பதும், முந்தலைக் கடந்து போடிமெட்டு வளைவுகளில் ஏறி கேரள எல்லைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களை அடைந்து, செடியின் தூரடியில் மண்ணோடு மண்ணாகப் படர்ந்த சரங்களில் பிஞ்சு சிதையாமல் பழுத்த காயை மட்டும் நாளெல்லாம் குனிந்தபடி எடுத்துவிட்டு, இருட்டும் வேளையில் வீடு திரும்புவதும் அன்றாட நிகழ்ச்சி. அவர்களிற் பலர் கைக்குழந்தையை அம்மாச்சியிடமோ அப்பத்தாவிடமோ விட்டு வந்தவர்கள். அதனால் அவர்கள் தாய்மைத் தர்மத்தில் தவறினார்கள் என்று எவரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அதே தாய் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கப்போகிறேன் என்றதும், பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி தர்மத்தின் பெயரால் எழுகிறது. கூலிக்குப் போகையில் எழாத கேள்வி அதிகாரத்துக்குப் போகையில் மட்டும் எழுவானேன்?

இக்கேள்விக்குத் தத்துவ ஆதாரமும் காட்டுவார்கள். தாயன்பு 'என் பிள்ளை' என்னும் மமகாரத்தில் வேரூன்றியது. பொதுத் தலைமையோ எல்லோரையும் சமமாக நோக்கும் பற்றின்மையை வேண்டுவது. ஆகவே இரண்டும் ஓரிடத்தில் நில்லா என்பது அவர்கள் வாதம். எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. ஆனால் உலக நன்மையாகிய லோக சங்கிரகத்துக்காகக் கர்மம் செய்வாயாக என்று உபதேசிக்கும் கீதை, அதற்கு உதாரணமாகக் காட்டுவது வனத்துக்கு ஓடிய துறவியை அன்று, ஜனகரை. சீதையை வளர்த்த தந்தை என்றே நம் மக்கள் அவரை அறிவார்கள். மகளிடம் வைத்த பாசத்தால் அவருடைய ராஜநீதி பிறழ்ந்தது என்றோ, ராஜ்ய பாரத்தால் மகள் வாடினாள் என்றோ யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. அனைத்தையும் துறந்த பட்டினத்தடிகளும் தாயின் ஈமக்கடனைத் தாமே வந்து செய்தார் என்பது மரபு. பற்று இருப்பதனாலேயே ஞானமும் நீதியும் கெட்டுவிடும் என்று நம் முன்னோர் கருதவில்லை.

விடுதலைப் போராட்ட வீராங்கனை கடலூர் அஞ்சலை அம்மாளின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் இவ்விசாரம் எனக்குத் தெளிவு பெறுகிறது. 1927-இல் சென்னையில் ஆங்கிலேயப் படைத்தலைவன் நீலன் சிலையை அகற்றக் கோரி நடந்த சத்தியாக்கிரகத்தில், சிறுமியான மகள் அம்மாக்கண்ணுவோடு அவர் கலந்துகொண்டார். பிற்பாடு காந்தியடிகள் அச்சிறுமிக்கு லீலாவதி என்று பெயரிட்டுத் தம் ஆசிரமத்தில் சேர்த்துக்கொண்டார். 1930-களின் தொடக்கத்தில் கர்ப்பிணியாகவே வேலூர்ச் சிறையிலிருந்த அம்மையார், பிரசவத்துக்காக விடுவிக்கப்பட்டு, மகன் பிறந்து இரண்டொரு வாரத்துக்குள் மீண்டும் அதே சிறைக்குச் சென்றார். 1937-இல் மாகாண சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதை ஏனைய தாய்மாருக்கு ஒரு விரதமாக நான் விதிக்க வரவில்லை. பச்சை உடம்போடு சிறை புகும் நிலை எந்தத் தாய்க்கும் வரலாகாது. தாய்மையையும் தேச சேவையையும் அவர் இரண்டாகப் பிரித்து ஒன்றைப் பலியிடவில்லை என்பதே நான் காண்பது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில், மருத்துவருக்கும் வாகனத்துக்கும் அலைந்து தவித்த ஒருத்திக்கு ஊரின் குறை ஏட்டிலிருந்து தெரியவேண்டியதில்லை. அவளுடைய பற்றே அவளுக்கு நீதியைக் கற்பிக்கிறது.

தலைவியை 'அம்மா' என்று துதிப்பதனாலும் இச்சிக்கல் தீராது. துதித்தவர் வீட்டிலும் தொட்டிலை ஆட்டுவது அவர் மனைவிதானே! 1993-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம் உள்ளாட்சிப் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு உறுதி செய்தது. 2016-இல் தமிழகம் அதைப் பாதியாக உயர்த்தியது. சட்டம் நாற்காலியைக் கொடுத்துவிட்டது. இல்லறம் இருவரும் சேர்ந்து ஏற்ற தர்மம் என்பதை ஆண்மக்கள் உணர்ந்து, பிள்ளைக்குச் சோறூட்டுவதைத் தம் கடமையாகவும் கொண்டாலன்றி, அந்த நாற்காலியில் அவள் நிம்மதியாக அமர இயலாது.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் ஒரு தாய் வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வந்தால், குடிநீரையும் சாலையையும் மலைக்குப் போகும் பெண்களின் பாதுகாப்பையும் பற்றி அவளிடம் கேளுங்கள். பிள்ளையை யார் பார்ப்பார் என்று கேட்டே ஆகவேண்டுமானால், அவளை எதிர்த்து நிற்கும் ஆடவரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்.