அவர்களுக்குக் கணக்குத் தெரியாதா?

ஞானோபதேச வகுப்பு ஒன்றில் ஒரு சிறுவன் எழுந்து கேட்டான்: “சுவாமி, ருஷ்யா தேசத்தில் ஜனவரி 14-ந் தேதி மறுபடியும் ஒரு வருடப் பிறப்புக் கொண்டாடுகிறார்களாமே, அவர்களுக்குக் கணக்குத் தெரியாதா?” மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிள்ளைகள் சிரித்ததில் குற்றமில்லை. ஆனால் பெரியவர்களாகிய நாமும், பிறருடைய வழக்கம் நம் வழக்கத்துக்கு மாறாயிருந்தால் இப்படித்தானே சிரிக்கிறோம்? ஆகையால் அந்தச் சிறுவனுக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து எழுதுவது நம் எல்லோருக்கும் பிரயோசனமாயிருக்கும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஜூலியஸ் சீசர் கி.மு. 45-ல் வழக்கத்துக்குக் கொண்டுவந்த பஞ்சாங்கத்தில் வருடத்துக்கு 365¼ நாள். உண்மையான சூரிய வருடமோ அதைவிட ஏறக்குறைய 11 நிமிடம் குறைவு. பதினொரு நிமிடம் அற்பமாகத் தோன்றும். ஆனால் 128 வருடத்தில் அது ஒரு முழு நாளாகிவிடும். நிசேயா சங்கம் கூடிய 325-ம் வருடத்தில் மார்ச் 21-ந் தேதி வந்த சம இரவு பகல் நாள், 1582-ல் மார்ச் 11-க்குப் பின்வாங்கியிருந்தது. பாஸ்குத் திருநாளை நிச்சயிப்பது அந்த நாளைக் கொண்டல்லவா? ஆகவே 13-ம் கிரகோரியார் பாப்பரசர், சேசு சபைக் குரு கிளாவியுஸ் முதலிய சாஸ்திரிகளின் உதவியால் பஞ்சாங்கத்தைத் திருத்தினார். அவ்வருடம் அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. அவிலா அர்ச். தெரேசம்மாள் மரித்தது அந்த இரவில்தான்.

இங்கிலாந்து 1752-ல்தான் இந்தத் திருத்தத்தை ஏற்றது. ருஷ்யா 1918-ல் ஏற்றது. ஆனால் அது அரசாங்கத்தின் கணக்கு. ருஷ்ய ஆர்த்தோடாக்ஸ் திருச்சபை இன்றுவரை பழைய பஞ்சாங்கத்தையே அனுசரிக்கிறது. இரண்டுக்கும் இடையே இப்போது 13 நாள் வித்தியாசம். ஆகையால் அவர்களுடைய கர்த்தர் பிறந்த திருநாள் நமக்கு ஜனவரி 7. அவர்களுடைய பழைய ஜனவரி முதல் தேதி, அதாவது அர்ச். பசிலியார் திருநாள், நமக்கு ஜனவரி 14.

இப்போது அந்தத் தேசத்துப் பக்தியுள்ள ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அரசாங்கத்தின் புத்தாண்டு வரும்போது அவர்களுக்குக் கர்த்தர் பிறந்த திருநாள் இன்னும் வரவில்லை. அதற்கு முந்திய 40 நாள் ஒருசந்திக் காலம் முடியவில்லை. ஊரெல்லாம் விருந்து நடக்க, இவர்கள் வீட்டில் மாமிசம் விலக்கிய சாப்பாடு. திருநாள் கழிந்து, ஒருசந்தி முடிந்து, ஜனவரி 14 வரும்போதுதான் மனச்சாட்சி உறுத்தாமல் பந்தியில் உட்காரலாம். இவர்களுக்கா கணக்குத் தெரியாது? நம்மைவிட நுட்பமாகத் தெரியும்!

வேறொரு காட்சி. வேல்ஸ் நாட்டில் குவைன் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே பிள்ளைகள் ஜனவரி 13-ந் தேதி வீடு வீடாகப் போய்த் தங்கள் தாய்மொழியில் பாடி, மிட்டாயும் காசும் வாங்கிக்கொள்கிறார்கள். அதுவே அவர்களுடைய பழைய புத்தாண்டு. கண்டிப்பாகக் கணக்குப் பார்த்தால், 1900-க்குப் பிறகு அது ஜனவரி 14-க்கு நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. ஏன்? அவர்கள் காப்பாற்றுவது சீசருடைய பஞ்சாங்கத்தையல்ல. தங்கள் பாட்டன் பாட்டி எந்த நாளில் வாசலுக்கு வந்த பிள்ளைகளின் கை நிறையக் கொடுத்தார்களோ, அந்த நாளை.

அப்படியானால் பழையது எல்லாம் பரிசுத்தமா? அல்ல. ருஷ்யாவில் 1700-க்கு முன் வருடப் பிறப்பு செப்டம்பர் முதல் தேதி. அதை ஜனவரிக்கு மாற்றியவர் பேதுரு அரசர். இங்கிலாந்தில் 1752-க்கு முன் சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25-ல், மங்கள வார்த்தைத் திருநாளன்று. இன்று “பழையது” என்று நாம் கட்டிப்பிடிப்பதும் ஒருநாள் புதியதாய் வாசல் தட்டியதுதான். சூரியனை உண்டாக்கிய சர்வேசுரன் அதன் ஓட்டத்தை அறியும் புத்தியையும் நமக்குக் கொடுத்தார். பிழையைப் பிழை என்று ஒப்புக்கொள்ள மறுப்பது பக்தியாகாது.

ஆனால் நாளைத் திருத்துவது வேறு, சகோதரனைத் தீர்ப்பிடுவது வேறு. கிரேக்க தேசத்துத் திருச்சபை 1924-ல் திருத்திய பஞ்சாங்கத்தை ஏற்றபோது, சிலர் அதைப் பொறுக்காமல் பிரிந்துபோனார்கள். 13 நாள் வித்தியாசத்தால் உண்டான அந்தப் பிளவு இன்னும் ஆறவில்லை. ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லுகிறவர்கள் ஒரே பீடத்தை அண்டி வருவதில்லை.

ஆதித் திருச்சபையில் நடந்ததைக் கேளுங்கள். சுமார் 155-ம் வருடத்தில் ஸ்மிர்னா மேற்றிராணியார் அர்ச். பொலிக்கார்ப்பு உரோமைக்கு வந்து அனிசேத்து பாப்பரசரைச் சந்தித்தார். பாஸ்குத் திருநாளை எந்த நாளில் கொண்டாடுவது என்பதில் இருவருக்கும் ஒற்றுமையில்லை. அர்ச். அருளப்பர் காலமுதல் வந்த வழக்கம் என்றார் ஒருவர். எனக்கு முன்னிருந்தவர்கள் காட்டிய வழக்கம் என்றார் மற்றவர். யாரும் யாரையும் இணங்கச் செய்ய முடியவில்லை. ஆயினும் பாப்பரசர் தம் கோவிலில் திவ்விய பூசை நிறைவேற்றும் மகிமையைக் கிழவரான பொலிக்கார்ப்புக்கே விட்டுக்கொடுத்தார். சமாதானமாய்ப் பிரிந்தார்கள். பின்னொரு காலத்தில் விக்தோர் பாப்பரசர் இதே காரணத்துக்காக ஆசியாச் சபைகளை விலக்க எண்ணியபோது, அர்ச். இரேனேயுஸ் இந்தச் சம்பவத்தைத்தான் அவருக்கு நினைப்பூட்டினார்.

நம் காலத்திலும் சாட்சி உண்டு. உக்ரேன் நாட்டுக் கிரேக்க ரீதிக் கத்தோலிக்கர் 1596-ல் உரோமையோடு ஐக்கியமானவர்கள். நாம் டிசம்பர் 25-ல் பூசை காண, அவர்கள் நானூறு வருடத்துக்கு மேலாகப் பழைய கணக்கிலேயே கர்த்தர் பிறந்த திருநாளைக் கொண்டாடினார்கள். 2023-ம் வருடத்தில் தாங்களே தீர்மானித்துப் புதிய கணக்குக்கு மாறினார்கள். நாள் வேறாயிருந்ததால் ஐக்கியம் அறுந்ததா? இல்லையே.

ஆகவே வழக்கம் எதுவானாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இதை நான் அனுசரிப்பது சிநேகத்தினாலா, வீம்பினாலா? இதை அனுசரியாதவனை நான் தாழ்வாக எண்ணுகிறேனா? நம் வீடுகளைப் பாருங்கள். திருநாள் பலகாரத்தை மாமியார் தம் வீட்டு முறைப்படி செய்ய வேண்டுமென்பார். மருமகள் தான் பிறந்த வீட்டு முறையைச் சொல்லுவாள். பலகாரம் ஆறிப்போகும், சொன்ன கடுஞ்சொல் ஆறுவதில்லை. தேவ கட்டளை எதுவும் மீறப்படாத காரியத்தில் ஒருவர் விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துபோகும்? பாப்பரசரே விட்டுக்கொடுத்தாரே!

வகுப்பு முடிந்ததும் அந்தச் சிறுவன் மறுபடி வந்தான். “அப்படியானால் சுவாமி, அவர்களுக்கு ஜனவரி 14-ல் வாழ்த்துச் சொல்லலாமா?” என்றான். தாராளமாய்ச் சொல்லலாம், பிள்ளாய். அவன் இப்போது சிரிக்கவில்லை. வருடத்தை எந்த நாளில் தொடங்கினாலும், அதைக் கொடுக்கிறவர் ஒருவரே. கடைசியில் அதற்குக் கணக்குக் கேட்கிறவரும் அவரே. அவர் கேட்கும் கணக்கு தேதியின் கணக்கல்ல, சிநேகத்தின் கணக்கு.