எதிர்காற்றில் யார் முன்னால் போவது?

சைக்கிளில் தொலைதூரம் போகிறவர்களைக் கேட்டால் மேட்டைவிட எதிர்காற்றுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். மேடு கண்ணுக்குத் தெரியும். எப்படியும் ஓர் உச்சி வரும், அதற்குப் பிறகு இறக்கம் இருக்கும். காற்றுக்கு உச்சி கிடையாது. தை மாதத்தில் தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்ப் பார்த்தால் இது தொடைக்குப் புரியும். ஏறக்குறைய 120 கிலோமீட்டரில் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாலை வடகிழக்கே போகிறது, வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது.

கன்னியாகுமரியில் புறப்பட்டுக் கரையோரமாகவே ராமேஸ்வரம் வரை போகும் குழு எங்களுடையது. கல்லூரியை முடித்துச் சில வருடங்களே ஆன பையன்கள், வீட்டையும் வேலையையும் சமாளித்துவிட்டு வந்த பெண்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று கலவையான கூட்டம். அந்த நாள் காலை இருட்டோடு தூத்துக்குடியை விட்டுக் கிளம்பினோம். வெளிச்சம் வந்தபோது இருபுறமும் உப்பளம். மழைக்காலம் முடிந்து, பாத்திகளைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதுவரை காற்று பெரிதாக இல்லை. வேம்பாரில் சாலையோரம் அவித்த பனங்கிழங்கு வாங்கித் தின்றுவிட்டுக் கருப்பட்டிக் காபி குடித்தபோது, கடைக்காரர் எங்கள் சைக்கிள்களைப் பார்த்துவிட்டுப் பனை மட்டைகளை அண்ணாந்து பார்த்தார். “வாடை ஏறிட்டு. இனி பொழுது சாயுற வரைக்கும் இறங்காது” என்றார். அவர் சொன்னபடியே ஆனது.

அசையாத காற்றில்கூட, வேகம் இரண்டு மடங்கானால் காற்றை விலக்கத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகிறது. அதனால்தான் சைக்கிள்காரர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிப் போகிறார்கள். முன்னால் போகிறவர் காற்றைப் பிளக்கிறார், பின்னால் வருகிறவருக்கு உழைப்பில் கால் பங்காவது மிச்சமாகிறது. நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் பெர்ட் பிளாக்கன் 2018இல் வெளியிட்ட ஆய்வு, 121 பேர் நெருக்கமாகச் செல்லும் ஒரு பந்தயக் கூட்டத்தை எடுத்துக்கொண்டது. அதன் உட்பகுதியில் வசதியான இடத்தில் இருப்பவருக்குக் காற்றின் தடை, தனியே ஓட்டும்போது இருப்பதில் 5 முதல் 10 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது என்று அது சொன்னது. எங்களைப் போன்ற சிறு வரிசையில் அவ்வளவு கிடைக்காது. கிடைப்பதே பெரிது. முன்னால் இருப்பவர் சில நிமிடங்கள் இழுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கிக் கடைசிக்குப் போக, அடுத்தவர் முன்னுக்கு வருவார். இதுதான் முறை.

சாயல்குடியில் நிழலில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தம்பி என்னிடம் வந்து மெல்லச் சொன்னான்: “அக்கா, அவங்க ரெண்டு பேரும் காலையிலேர்ந்து ஒரு தடவைகூட முன்னாடி வரல. நாங்களேதான் இழுத்துக்கிட்டு இருக்கோம்.” அவன் சொன்னதில் பொய்யில்லை. அதிக நேரம் காற்றில் நின்றவன் அவன்தான். முகத்தில் உப்பு பூத்திருந்தது. அவனைச் சிறுமனசுக்காரன் என்று என்னால் நினைக்க முடியவில்லை. உழைக்கிற எல்லோருக்கும் எப்போதாவது வருகிற கேள்விதான் அது: நான் மட்டும் ஏன்?

பந்தயத்தில் இந்தக் கேள்வி நியாயமானது. கடைசிவரை உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வந்தவர், முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் உங்களைத் தாண்டிப் போவார். உங்கள் உழைப்பை எடுத்தே உங்களைத் தோற்கடிப்பார். எங்கள் சாலையில் முடிவுக் கோடு இல்லை. எல்லோரும் ராமநாதபுரத்தில் ஒரே விடுதிக்குத்தான் போகிறோம். அங்கே முதலில் போய்ச் சேர்கிறவருக்குக் கிடைப்பது குளியலறை மட்டுமே. சம முறை என்று கறாராக வைத்து, களைத்துப்போனவரையும் காற்றின் முன்னால் நிறுத்தினால், மொத்த வரிசையின் வேகமும் விழுந்து எல்லோருமே கூடுதல் நேரம் வெயிலில் கிடப்போம்.

கணக்கு சரியாக வந்துவிடுகிறது. ஆனால் கணக்கு சரியாக வருவதால் மட்டும் இதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. எல்லோருக்கும் நஷ்டமாகவே இருந்தாலும் அவர்களை இழுத்துக்கொண்டுதான் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தத் தம்பியின் கால் வலுவில் அவன் உழைப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதில் அவன் வயது இருக்கிறது, விடியற்காலையில் பயிற்சிக்குக் கிளம்பும்போது வீட்டில் யாரும் எதுவும் கேட்காத சுதந்திரம் இருக்கிறது. பின்னால் வந்த இருவரில் ஒருவரான பெண், சமையல் முடித்து, பிள்ளைகளை அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிளை எடுப்பவர். இரண்டு பேரையும் ஒரே சாலையில் நிறுத்திச் சரிசமமாக இழுங்கள் என்று சொன்னால், சாலைக்கு வருவதற்கு முன்பே இருந்த ஏற்றத்தாழ்வு எங்கே போகும்?

நான் மிகவும் கவலைப்படுவது இன்னொரு விஷயத்துக்கு. கீழக்கரைக்கு முன்னால் அந்தப் பெண் சொன்னார்: “நீங்க போங்க, நான் மெதுவா வந்துக்கறேன்.” குழுவாகப் போகிற எல்லாப் பயணத்திலும் யாராவது சொல்லும் வாக்கியம் இது. கேட்கப் பணிவாக இருக்கும். ஆனால் அவர் விலகினால் அவரைத் தனியே விட முடியாது. கடைசியில் காவலாக வருகிறவர் அவரோடு தங்க வேண்டும். இருவரும் முழுக் காற்றையும் வாங்க வேண்டும். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்ற எண்ணமே பாரத்தைக் கூட்டிவிடுகிறது. காலமெல்லாம் கொடுத்தே பழகியவர்கள், நம் வீடுகளில் குறிப்பாகப் பெண்கள், வாங்கிக்கொள்ளும் இடத்தில் கூசிப் போகிறார்கள். இந்தக் கூச்சத்தை நற்குணம் என்று நாம் பாராட்டிவிடுகிறோம். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பின்னால் வருவது சும்மா வருவது அல்ல. முன் ஆளின் பின்சக்கரத்துக்கும் தன் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழத்துக்கு மேல் விடக் கூடாது. இடைவெளி நாலைந்து மீட்டர் ஆனால் தனக்கு மறைப்பு வெகுவாகக் குறைந்துவிடும், தனக்குப் பின்னால் வருகிற அத்தனை பேரும் முன்வரிசையிலிருந்து அறுந்துவிடுவார்கள். திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. முன்னாலிருந்து “குழி!” என்று குரல் வந்தால் அதைப் பின்னால் அனுப்ப வேண்டும், பின்னாலிருந்து “வண்டி!” என்று வந்தால் முன்னால் அனுப்ப வேண்டும். மணிக்கணக்கில் இந்தக் கவனத்தைக் காப்பவர் தன் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்.

முன்னால் போவதிலும் வலுவைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. தம்பி முன்னுக்கு வரும்போதெல்லாம் வேகம் மணிக்கு 18 கிலோமீட்டரிலிருந்து 22க்கு ஏறும். வேண்டுமென்று செய்வதில்லை, கால் துடிக்கிறது. அடுத்த நிமிடமே வரிசை நடுவில் அறுந்துவிடும். எங்களோடு வந்த ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் முன்னுக்கு வந்தால் 18 பதினெட்டாகவே இருக்கும். அவர் திரும்பியே பார்ப்பதில்லை. பின்னால் வருகிறவர் மறைப்பில் வசதியாக இருந்தால் அவ்வப்போது பெடலை நிறுத்துவார், அப்போது ஃப்ரீவீல் டிக்டிக்கென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறார் அண்ணாச்சி. சத்தம் நின்றால், பின்னால் யாரோ மூச்சைப் பிடித்து மிதிக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு கியர் குறைத்துக்கொள்வார். ஏர்வாடிப் பிரிவைத் தாண்டியபோது தம்பியிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “நீ வேகமாப் போவன்னு எல்லாருக்கும் தெரியும்லா. உனக்குப் பின்னால யாரு இருக்கா, அதச் சொல்லு பாப்போம்.”

பிரான்சில் 1904இல் ஆன்ரி டெக்ரான்ஜ் தொடங்கிவைத்த ஆடாக்ஸ் பயணங்களில் இதற்கென்றே சாலைத் தலைவர் உண்டு. மணிக்கு 22.5 கிலோமீட்டர், எல்லோரும் சேர்ந்து, யாரும் அவரை முந்தக் கூடாது. பின்னர் 1921இல் அவரவர் வேகத்தில் போகும் முறை வந்தது. இன்று நம் ஊர்களில் நடக்கும் பிரெவேக்கள் இந்த இரண்டாவது வகை: 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், பங்க்சரோ பசியோ உங்கள் பாடு. அதில் இருக்கும் தன்னம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒருவரின் வேகத்தை எனக்காகக் குறைக்க வைத்தேன் என்பதையும், அவர் அதைச் சலிப்பில்லாமல் செய்தார் என்பதையும் அந்தப் பயணத்தில் அறிந்துகொள்ள வழியில்லை.

ராமநாதபுரத்தில் இரவு பரோட்டாவுக்குக் காத்திருந்தபோது மறுநாளைப் பற்றிப் பேச்சு வந்தது. மண்டபம் தாண்டினால் பாம்பன். 1988இல் திறந்த சாலைப் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதில் கிழக்கே போகும்போது வாடை இடப்பக்கத்திலிருந்து அடிக்கும். பக்கக்காற்றில் மறைப்பு பின்னால் கிடைக்காது, வலப்பக்கத்தில்தான் கிடைக்கும். வலப்பக்கம் என்பது பேருந்துகள் போகிற இடம். அங்கே யாரும் யாருக்கும் காற்றைத் தடுக்க முடியாது. அப்போது என்ன செய்வது என்று தம்பிதான் கேட்டான். ஒவ்வொருவராக ஓட்டிக் கடந்துவிட்டு அக்கரையில் காத்திருக்கலாம் என்றார் ஒருவர். இறங்கித் தள்ளலாம் என்றார் இன்னொருவர். காற்று ஏறுவதற்குள் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும், மூன்றரைக்கே எழுந்திருங்கள் என்றார் அண்ணாச்சி. மூன்றரை மணிக்கு எல்லோரையும் எழுப்பும் பொறுப்பைத் தம்பி ஏற்றுக்கொண்டான்.