பாராட்டா? பாதுகாப்பா?

நோய் வந்தவரைப் பார்த்து, "முற்பிறவியில் என்ன வினை செய்தாரோ!" என்று பெருமூச்சு விட்ட காலம் ஒன்று இருந்தது. உயிரணுக்கள் கட்டுப்பாட்டை மீறிப் பெருகுவதே புற்றுநோய் என்று அறிவியல் விளக்கிய பின்னரும் அந்தப் பேச்சு முற்றும் ஓய்ந்தபாடில்லை. அது மட்டுமா? பகுத்தறிவாளர் வீட்டுக்குள்ளும் இன்று புதிய மூடநம்பிக்கை ஒன்று புகுந்திருக்கிறது. அதன் பெயர் மன உறுதி! "உறுதியோடு உழைப்பவர் வெல்வார், உடைந்து படுப்பவர் வீழ்வார்" என்கிறார்கள். அப்படியானால், மாண்டவர் எல்லாம் உறுதியற்றவரா? வினைப்பயனை வாசல் வழியே துரத்திவிட்டு, வேற்றுடையில் கொல்லை வழியே வரவேற்பதன்றோ இது!

திருப்பூரில் பனியன் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நான், மூன்று வாரத்துக்கு ஒருமுறை புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவன். மருந்தேறிய அடுத்த வாரத்தில் வெள்ளணுக்கள் குறையும். இருமும் குழந்தையின் அருகில் நிற்பதும் ஆபத்து. அந்த நாளிலும் கரும்பலகை முன் நிற்பவனை ஊர் 'வீரன்' என்று புகழ்கிறது. வராவிட்டால் சம்பளம் நின்றுவிடுமே என்று அஞ்சி வருபவன் வீரனா? விரும்பி வருவது தொண்டு. வேறு வழியின்றி வருவது கட்டாயம். இரண்டுக்கும் ஒரே மாலையைச் சூட்டுவது அறமாகுமா?

பேரறிஞர் அண்ணாவைச் சான்று காட்டுவோர் உண்டு. 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை மருத்துவம் செய்துகொண்ட அவர், 1969 சனவரி 14இல், தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்த அந்த நாளில், தளர்ந்த உடலோடு வந்து கலைவாணர் சிலையைத் திறந்து வைத்தார். பிப்ரவரி 3இல் மறைந்தார். நெஞ்சை உருக்கும் வரலாறு! ஆனால், அது அவரே தேர்ந்த கடமை. பிறர் தோளில் ஏற்றும் அளவுகோல் அன்று. உறுதி ஒன்றே மருந்தாகுமெனில், அந்த அண்ணனை நாடு இழந்திருக்குமா?

"பிள்ளைகளின் படிப்பு என்னாவது?" என்ற வினா எழும். நேர்மையான வினா. விடையும் நேரானதே: படிப்பைக் கெடுப்பது ஆசிரியரின் நோய் அன்று, மாற்று ஆசிரியரை அமர்த்தாத சிக்கனம்! மற்றொரு பக்கம், "பாவம், வீட்டிலேயே இருக்கட்டும்" என்று வேலையைப் பறிக்கும் பரிவும் உண்டு. உழைக்க இயலும் நாளில் உழைப்பைத் தடுப்பதும், இயலாத நாளில் உழைப்பைக் கறப்பதும் ஒரே கொடுமையின் இரு கைகள்.

பீஸ் ரேட் கணக்கில் மனிதனை அளக்கும் ஊர் எங்கள் ஊர். தைத்த உருப்படிக்குக் கூலி. தைக்காத நாளுக்குப் பட்டினி. அந்த ஊரிலும் ஒரு நல்ல நெறி நுழைந்துள்ளது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், நிபந்தனைகளை நிறைவேற்றிய தொழிலாளிக்குப் புற்றுநோய் வந்தால், சராசரி நாள் கூலியில் 80 விழுக்காடு இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். அது பிச்சை அன்று, உரிமை. அந்த வளையத்துக்கு வெளியே நிற்கும் தனியார் பள்ளி ஆசிரியருக்கும், கம்பெனிப் பதிவேட்டில் பெயரேறாத கைமடிப் பெண்ணுக்கும் யார் துணை? பாராட்டுரை அடுப்பெரிக்குமா?

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, நோயாளிகளின் துணிவைப் புகழ்ந்து கொண்டிருக்கவில்லை. 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை கண்டார். அது வழி!

தோழர்களே! நோயுற்ற ஆசிரியருக்குப் பொன்னாடை தேடாதீர்கள். சம்பளத்தோடு விடுப்பு, உடலுக்கேற்ற பாடவேளை, குணமடைந்தபின் அதே நாற்காலி — இம்மூன்றையும் கேளுங்கள். அவை கிடைத்தபின் ஒருவர் வகுப்புக்கு வந்தால் மகிழ்வோம். வராமல் படுத்திருந்தால், அவரையும் அதே மதிப்போடு போற்றுவோம். துணிவு இருந்தால்தான் வாழலாம் என்ற நிலை நீங்கி, துவண்டவரும் வாழலாம் என்ற நிலை வருவதே நாகரிகம்.