வேறு ஊரில் கட்டும் கடன்

சென்ற ஆகஸ்டில் ஒரு ராத்திரி சித்தி மகள் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டாள். இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சியில் அது அவளுக்கு மூன்றாவது, கடைசி வருடம். "அண்ணா, ஜூன் முப்பதோட டிரெய்னிங் முடியுது. அதுக்கப்புறம் அங்க வந்து ரெண்டு வருஷம் இருக்கணும், இல்ல இங்கயே ஏதாவது ஒரு கிராமத்துல மூணு வருஷம் வேலை செய்யணும். எது தண்டனை, எது சலுகைன்னே புரியல. நீ சொல்லு."

நான் யோசிக்கவே இல்லை. "வந்துடும்மா" என்றேன். அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பிறகு "சரிண்ணா, பாக்கறேன்" என்று வைத்துவிட்டாள். ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பற்றி இரண்டு நொடியில் தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். ரெசிடென்சிக்குப் போகும் வெளிநாட்டு மருத்துவர்களில் பெரும்பாலோர் ஜே-1 விசாவில் போகிறார்கள். அது பரிமாற்ற விசா. கற்றுக்கொள், கற்றதை உன் நாட்டுக்குக் கொண்டுபோ என்பதுதான் அதன் தத்துவம். எனவே பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். அதுவரை ஹெச்-1பியும் கிடையாது, கிரீன் கார்டும் கிடையாது. ஆரம்பத்திலேயே ஹெச்-1பியில் ரெசிடென்சி சேர்ந்திருந்தால் இந்த நிபந்தனை இல்லை. ஆனால் அப்படி எடுத்துக்கொள்ளும் மருத்துவமனைகள் குறைவு. மேற்கொண்டு ஃபெலோஷிப் சேர்ந்தால் ஜே-1ஐ மொத்தம் ஏழு வருடம் வரை இழுக்கலாம். அது தள்ளிப்போடுவதுதான், தீர்வு இல்லை.

இன்னொரு வழி, வடக்கு டகோட்டாவின் செனட்டர் கென்ட் கான்ராட் 1994ல் கொண்டுவந்த திட்டம். டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் முழுநேரம் வேலை செய்தால் அந்த இரண்டு வருட நிபந்தனை ரத்தாகிவிடும். முதலில் மாநிலத்துக்கு வருடம் இருபது இடங்கள் இருந்தன. இப்போது முப்பது. பல மாநிலங்களில் விண்ணப்பம் அக்டோபர் வாக்கில் திறக்கும். அதற்குள் வேலை கையில் இருக்க வேண்டும். அவள் ஆகஸ்டில் கூப்பிட்டது அதனால்தான்.

எனக்கு உறைத்தது வேறொரு விஷயம். ஜே-1 கிடைப்பதற்கு நம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கடிதம் வேண்டும். இந்தத் துறை மருத்துவர்கள் எங்கள் நாட்டுக்குத் தேவை, பயிற்சி முடிந்து திரும்பி வருவதாக இவர் எழுத்துமூலம் உறுதி தந்திருக்கிறார் என்று அதில் இருக்கும். அதாவது, இவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள். அதைக் கேட்டபோது, "அண்ணா, அது ஒரு ஃபார்ம். எல்லாரும் போடற கையெழுத்துதான்" என்றாள். நானும் தினமும் ஏதோ ஒரு செயலியில் விதிமுறைகளைப் படிக்காமலே 'ஏற்கிறேன்' என்று அமுக்குகிறவன். ஆனால் எல்லோரும் போடும் கையெழுத்து என்பதால் அது வாக்கு இல்லை என்று ஆகிவிடுமா?

வாக்கைப் பற்றி ஒரு எளிய நியாயம் உண்டு. யாருக்குக் கொடுத்தோமோ அவர்தான் நம்மை விடுவிக்க முடியும். உங்களிடம் வாங்கிய கடனை எதிர்வீட்டுக்காரர் தள்ளுபடி செய்ய முடியாது. கான்ராட் திட்டத்தில் நடப்பது கிட்டத்தட்ட அதுதான். இந்தியாவுக்குக் கொடுத்த வாக்கிலிருந்து அமெரிக்கா விடுவிக்கிறது. இந்தியா நினைத்தாலும் விடுவிக்க முடியாது. பயிற்சிக்கு ஜே-1ல் போன மருத்துவருக்கு, சொந்த நாடு ஆட்சேபம் இல்லை என்று சொல்வதை மட்டும் வைத்து விலக்கு தரக்கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். 'திரும்ப வேண்டிய கட்டாயமில்லை' என்ற சான்றிதழை மருத்துவர்களுக்கு இனித் தருவதில்லை என்று இந்திய அரசு 2011ல் முடிவெடுத்தது. நாம் பூட்டிய அந்தக் கதவு வழியாக இவர்கள் போவதே இல்லை.

அப்படியென்றால் 'வந்துடும்மா' என்று நான் சொன்னது சரிதானே? வாக்கை மட்டும் பார்த்தால் சரி. ஆனால் நான் அப்படிச் சொன்னது வாக்கை நினைத்து இல்லை, சித்தப்பாவை நினைத்து.

சித்தப்பாவுக்கு ஒரு ராத்திரி வலது கை விழுந்துவிட்டது. வாய் கோணியது. எங்கள் வீடு குருபரப்பள்ளியில், ஹைவேயிலிருந்து கூப்பிடு தூரம். முதலில் போன இடத்தில் பார்க்க ஆள் இல்லை, வேறு இடம் பாருங்கள் என்றார்கள். ஓசூர் தாண்டி பெங்களூரு எல்லைக்குள் நுழையும்போதே விடியத் தொடங்கிவிட்டது. மூளையில் ரத்தம் அடைத்தால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். இன்று அவர் இடது கையால் சாப்பிடுகிறார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த பதினொன்றில் அதுவும் ஒன்று, 150 இடங்கள். அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம், இங்கே படித்து வெளியே வருகிறவர்கள் எங்கே போவார்கள் என்று மனம் கணக்குப் போடும்.

எனவே என் வாதம் தேவையைப் பற்றியது. தேவை இங்கே இருக்கிறது, நீ இங்கே வா. ஆனால் இந்த வாதம் நான் நிறுத்தச் சொல்லும் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. அதிகத் தேவை உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும் என்றால் அவள் போக வேண்டியது ஜார்க்கண்டுக்கு, குருபரப்பள்ளிக்கு இல்லை. அங்கிருந்துதான் பெண்பிள்ளைகள் ஓசூர் பக்கத் தொழிற்சாலைகளுக்கு ரயிலேறி வருகிறார்கள். அவர்கள் ஏன் சொந்த ஊரில் இல்லை என்று நாம் கேட்பதில்லை. வடக்கு டகோட்டாவில் பனி கொட்டும் ராத்திரியில் கை விழும் கிழவரும் யாரோ ஒரு பெண்ணுக்கு அப்பாதான். அவர் கை சித்தப்பாவின் கையைவிட எந்த விதத்தில் குறைந்தது?

இதைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். ஐடா ஸ்கடர் 1899ல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்தார். பிறகு வேலூருக்கு வந்து இங்கேயே ஆயுளைக் கழித்தார். நியூயார்க் சேரிகளிலும் அன்று பிரசவத்தில் பெண்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், அவர்களை விட்டுவிட்டு வந்தது தவறு என்று நம்மில் யாரும் சொன்னதில்லை. வெளிநாட்டு மருத்துவர் நம் ஊரில் தங்கினால் தியாகம், நம் மருத்துவர் வெளிநாட்டில் தங்கினால் துரோகம். இந்தக் கணக்கு கொஞ்சம் நமக்குச் சாதகமாகவே எழுதப்பட்டிருக்கிறது.

மக்கள் வரிப்பணத்தில் படித்தாளே என்பார்கள். உண்மைதான், அரசுக் கல்லூரியில்தான் படித்தாள். நானும் அரசு உதவியில்தான் இன்ஜினியரிங் படித்தேன். பெங்களூருவில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நிரல் எழுதுகிறேன். என் வேலையின் பலன் முழுவதும் ஒவ்வொரு நாளும் கடல் தாண்டிப் போகிறது. உடம்பு மட்டும் இங்கே இருக்கிறது. என்னிடம் யாரும் கடனைக் கேட்டதில்லை. அந்த இரண்டு வருட நிபந்தனையும் உடம்பைத்தான் எண்ணுகிறது. அவள் இங்கே வந்து எந்த நோயாளியையும் தொடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் நிபந்தனை நிறைவேறிவிடும்.

வாக்குக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'இவர் எங்களுக்குத் தேவை' என்று எழுதிக் கொடுத்தவர்கள், அவள் திரும்பும் நாளில் இந்த இடத்தில் வந்து உட்கார் என்று ஒரு நாற்காலி காட்ட வேண்டாமா? அப்படி யாரும் காத்திருக்கவில்லை. திரும்பி வந்த பிறகு மறுபடி போக நினைத்தால், வெளியிலிருந்து வரும் புதிய ஹெச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அறிவித்துவிட்டார்கள். எந்தக் கிராமத்து ஆஸ்பத்திரி அதைக் கட்டும்?

இதனாலெல்லாம் அவள் வாக்கு செல்லாது என்று நான் சொல்ல வரவில்லை. நிறைவேற்ற முடியாமல் போன வாக்கும் வாக்குதான். அதை ஃபார்ம் என்று சொல்லித் தள்ளிவிடக்கூடாது என்பது மட்டும்தான் இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடிவது. வடக்கு டகோட்டாக் கிழவரைக் காப்பாற்றுவது நல்ல காரியம். ஆனால் அந்த நல்ல காரியம் இந்தக் கடனை அடைத்துவிடாது. இரண்டும் தனித்தனிப் பேரேடு. ஒன்றில் வரவு வைத்ததை இன்னொன்றில் கழிக்க முடியாது. இங்கே உள்ள பாக்கியை எப்படி, எப்போது, எந்த ரூபத்தில் கட்டுவது என்பது அவள் தீர்மானிக்க வேண்டியது. பாக்கி இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் போகக்கூடாது.

இதை அவளிடம் சொன்னேன். 'வந்துடு' என்று சொன்னதையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன். அவள் கான்ராட் இடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். சித்தப்பாதான், "அங்கயே இரும்மா, அங்கயும் மனுசங்கதானே" என்றாராம். இழந்தவர் அவர். கேட்க உரிமை உள்ளவர் கேட்கவில்லை. எதையும் இழக்காத நான்தான் கேட்டேன்.

கடைசியில் அவள் கேட்டாள், "சரிண்ணா, பெங்களூருல இருந்து நம்ம ஊரு ரெண்டு மணி நேரம்தானே. அப்பாவ கடைசியா எப்ப போய்ப் பாத்த?"

தீபாவளிக்கு என்றேன். அப்போது மாசி மாதம்.